கணப்பை அணைத்ததால் வீடு கெட்டதா, பிழைத்ததா?

சுண்ணாம்புச்சாந்து:
1950, 60களில் இங்கிலாந்தின் சிற்றூர்களிலும் ஆலை நகரங்களிலும் வளர்ந்தவர்கள் எழுதும் இளமை நினைவுகளில் நிலக்கரிக் கணப்பு வராமல் இருக்காது. நீளமான முள்கரண்டியில் குத்தி நெருப்பில் வாட்டிய ரொட்டி, கணப்பின் முன்னால் தகரத் தொட்டியில் வாரக் குளியல், கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு எழுதிய கடிதத்தைப் புகைபோக்கி வழியே மேலே அனுப்புவது. இதெல்லாம் வெறும் ஏக்கம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு வழக்கு உண்டு.

அந்த வீடுகள் கணப்பை நம்பியே கட்டப்பட்டவை. ஒன்பது அங்குலத் திடச் சுவர், சுண்ணாம்புச் சாந்து, அநேகமாக அறைக்கு ஒரு கணப்பு. நெருப்பு எரியும்போது புகைபோக்கி மணிக்கு நூற்றுக்கணக்கான கன மீட்டர் காற்றை இழுத்து வெளியே தள்ளும். மூச்சு, சமையல், காயப்போட்ட துணி எல்லாவற்றின் ஈரமும் அதோடு போய்விடும். 1960, 70களில் கணப்பு வாயில் பலகை அடித்து மூடிவிட்டு வீடு முழுவதையும் சூடாக்கும் சென்ட்ரல் ஹீட்டிங் வைத்தார்கள். கொஞ்ச காலத்தில் சுவரில் ஓதம், மூலையில் கரும்பூஞ்சணம். பழி மட்டும் பழைய வீட்டின் மேல். ஒரே அறையில் கூடியிருந்த குடும்பமும் ஆளுக்கொரு அறையாகப் பிரிந்தது.

தெர்மாமீட்டர்:
//ஒரே அறையில் கூடியிருந்த குடும்பம்//

வேறு போக்கிடம் இல்லை ஐயா, அதனால் கூடியிருந்தார்கள். திறந்த கணப்பில் எரியும் கரியின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குத்தான். அறைக்குக் கிடைப்பது மூன்றிலோ நான்கிலோ ஒரு பங்கு. நீங்கள் மெச்சுகிற அதே இழுவைதான் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாகக் குளிர்காற்றையும் உள்ளே கொண்டுவருகிறது. முகம் வேகும், முதுகு விறைக்கும். பழைய நாற்காலிகளுக்கு உயர்ந்த முதுகும் இரு பக்கமும் காது போன்ற மறைப்பும் இருப்பது அழகுக்காக அல்ல.

படுக்கையறைக் கணப்பை நோய் நொடி என்றால்தான் மூட்டுவார்கள். ஒற்றைக் கண்ணாடி ஜன்னலின் உட்புறத்தில் மூச்சின் ஈரம் உறைந்து பெரணி இலை போலக் கோலம் போட்டிருக்கும். நினைவுக் கட்டுரைகளில் அது அழகாக வரும். அந்த அறை பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தது என்பது வராது. 1963 ஜனவரியில் மத்திய இங்கிலாந்தின் சராசரி வெப்பநிலையே மைனஸ் 2.1 டிகிரி. குளிர்ந்த கால்களை நேரே நெருப்பருகே நீட்டிய பிள்ளைகளுக்கு விரல்களில் சிவந்து வீங்கி அரிக்கும் சில்பிளேன் புண்.

1961இல் அரசு அமைத்த பார்க்கர் மோரிஸ் குழு வீடுகளுக்கு ஒரு தரம் பரிந்துரைத்தது: வெளியே மைனஸ் 1 டிகிரி இருக்கும்போது வாழும் அறையில் 18, சமையலறையிலும் நடைபாதையிலும் 13. சமையலறையில் 13 டிகிரி என்பதே அன்றைக்கு எட்டவேண்டிய இலக்கு!

வன்னியூரான்:
ரண்டு பேரும் நல்லாத்தான் கதைக்கிறியள். ஆனா உந்த நெருப்பை ஆர் மூட்டினது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.

விடிய வெள்ளன முதல் வேலை சாம்பல் அள்ளுறது. கம்பித்தட்டைக் கிளறிச் சாம்பலைக் கீழ்த்தட்டில விழுத்தி, பாதி எரிஞ்ச கரித்துண்டுகளைப் பொறுக்கி வைக்கோணும். அது திரும்ப எரியும். பேந்து பழைய பேப்பரை முறுக்கி முடிச்சாக்கி ஏழெட்டு, அதுக்கு மேல காய்ஞ்ச சுள்ளி குறுக்கும் நெடுக்குமா, அதுக்கும் மேல முட்டையளவு கரி. எடுத்த எடுப்பில பெரிய கட்டியைப் போட்டால் காத்து அடைபட்டுப் புகைதான் மிச்சம். புகைபோக்கி குளிர்ந்து கிடந்தால் இழுவை இராது, புகை அறைக்குள்ள திரும்பும். அப்ப நியூஸ்பேப்பர் ஒண்டை விரிச்சுக் கணப்பு வாயை மறைச்சுப் பிடிச்சு, அடியால மட்டும் காத்துப் போக விடுவினம். நெருப்பு கும்மெண்டு எழும்பும். பேப்பரின்ர நடுவில பழுப்பு வட்டம் தெரிஞ்ச உடன எடுக்கோணும். பிந்தினால் பேப்பர் பத்தி எரிஞ்சபடி மேல இழுபட்டுப் போகும். அங்க கரிப்பிசின் படிஞ்சிருந்தால் புகைபோக்கியே தீப்பிடிக்கும். இரவில கரித்தூளை நனைச்சு மேல மூடி, காத்து வழியைக் குறைச்சு விட்டால் விடியுமட்டும் கனன்று கிடக்கும்.

உதெல்லாம் பெரும்பாலும் பொம்பிளையளும் பிள்ளையளும் செய்த வேலை. கரி மூட்டை ஒண்டு 112 இறாத்தல், 50 கிலோவுக்குக் கொஞ்சம் மேல. வட இங்கிலாந்தில டர்ஹம் நிலக்கரிச் சுரங்க ஊர்களில மூட்டையும் இல்லை. தொழிலாளியின்ர இலவசக் கரியைப் பின்சந்தில குவியலாக் கொட்டிப்போட்டுப் போவினம். அதை அள்ளிச் சுவரில இருக்கிற சின்னக் கதவுக்குள்ளால எறியோணும். திங்கள்கிழமை துணி துவைக்கிற நாள், சந்துக்குக் குறுக்கால கொடி கட்டியிருக்கும். அந்த நேரம் கரி லொறி வந்தால் சண்டைதான்.

சுண்ணாம்புச்சாந்து:
வேலை கடினம் என்பதை நான் எங்கே மறுத்தேன்? மாற்றிய விதம்தான் என் குறை. கணப்புக்கும் சென்ட்ரல் ஹீட்டிங்குக்கும் நடுவே ஒரு பாரஃபின் (மண்ணெண்ணெய்) ஹீட்டர் காலம் இருந்தது, அதை மறந்துவிடுகிறோம். ஒரு லிட்டர் பாரஃபின் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் சேரும். கணப்பை மூடி, ஜன்னலை ஒட்டி, உள்ளே பாரஃபின் எரித்தால் சுவர் அழாமல் என்ன செய்யும்?

மூடுவதற்கும் முறை உண்டு. புகைபோக்கியை முதலில் துடைத்துப் புகைக்கரியெல்லாம் எடுக்கவேண்டும். உச்சியில் மழை இறங்காமல் காற்று மட்டும் போகிற மூடி. கீழே அடைத்த பலகையிலோ சுவரிலோ ஒரு காற்றுத் துளைத் தட்டு. 225க்கு 75 மில்லிமீட்டர் போதும். மூடி, துளைத் தட்டு இரண்டில் ஒன்று குறைந்தாலும் உள்ளே தேங்கிய காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகும். பழைய கரிப்படிவின் உப்புகள் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மார்புச் சுவரில் (புகைபோக்கியை மூடி அறைக்குள் துருத்தி நிற்கும் சுவர்) பழுப்புத் திட்டாக வெளியே வரும். அதன் மேல் எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் நிற்காது.

தெர்மாமீட்டர்:
முறையாக மூடவில்லை என்பது கொத்தனார் மீதான புகார். கணப்புக்கு அது சான்றிதழ் ஆகாது.

பிள்ளைகள் கணப்பருகே என்ன ஆனார்கள் என்பதைச் சட்டப் புத்தகத்தில் பாருங்கள். தடுப்புக் கம்பிவலை இல்லாத கணப்பு அறையில் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையை விட்டு, அது செத்தாலோ பலத்த காயம் பட்டாலோ பொறுப்பாளர் மேல் குற்றம் என்று 1908லேயே சட்டம் வந்தது. 1952இல் அந்த வயதைப் பன்னிரண்டாக உயர்த்தினார்கள். 1964இல் சிறுமியர் இரவு கவுனுக்கு என்றே தனி விதிகள். பஞ்சுபோல் மயிர் எழுந்த பருத்தித் துணியில் ஒரு பொறி பட்டாலே குப்பென்று பரவும். புகைபோக்கிக்குள் சிறுவர்களை ஏற்றித் துடைத்த கொடுமையோ 1875 வரை ஓயவில்லை. 1908 முதல் ஐம்பது ஆண்டுக்கும் மேலாகச் சட்டத்தைத் திருத்தித் திருத்தி இறுக்க வேண்டியிருந்தது என்றால், அது அபூர்வ விபத்து இல்லை.

அடுத்தது புகை. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் பெரும்புகையில் இறந்தவர்கள் அன்றைய கணக்கில் சுமார் 4,000. பிந்தைய ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. தரமான கரி இன்னும் ரேஷனில் இருந்தது. அந்த டிசம்பர் முதல் தேதியில்தான் 'நட்டி ஸ்லாக்' என்ற மட்டமான பொடிக்கரியை மட்டும் ரேஷன் இல்லாமல் விற்கத் தொடங்கியிருந்தார்கள். குளிரில் பல வீடுகள் அதை எரித்தன. உங்கள் வீட்டு ஓதத்தை வெளியேற்றிய அதே புகைபோக்கி அடுத்த வீட்டுக்காரர் நுரையீரலில் போய் முடிந்தது.

வன்னியூரான்:
உது சரி. ஆனா 1956 தூய காற்றுச் சட்டம் வந்த உடன எல்லாரும் கை தட்டேல்லை. ஒரு இடத்தைப் புகை வாற கரி எரிக்கக் கூடாத 'புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி' எண்டு அறிவிச்சால் கணப்பை மாத்திற செலவில பத்தில ஏழு பங்கு பொதுப்பணத்தில கிடைக்கும்; மிச்சம் வீட்டுக்காரர். இலவசக் கரி வாங்கிற சுரங்கக் குடும்பத்துக்கு அதுவே நட்டம். யோர்க்ஷயர், டர்ஹம் பக்கம் கன கவுன்சில்கள் இழுத்தடிச்சதுக்குக் காரணம் உதுதான். புகை எங்க கூடவோ அங்கதான் சட்டம் கடைசியாப் போய்ச் சேர்ந்தது.

வீட்டைச் சூடாக்கினது சட்டத்தை விடக் கடல் எரிவாயு எண்டுதான் நான் சொல்லுவன். 1965இல வடகடலில எரிவாயு கண்டெடுத்து, 1967இலயிருந்து 1977 வரை வீடு வீடாப் போய் அடுப்பு, ஹீட்டர் எல்லாத்தின்ர பர்னரையும் மாத்தினவை. பழைய நகர எரிவாயு நிலக்கரியில வடிச்சது, கார்பன் மோனாக்சைடு கலந்த நஞ்சு. புதுசின்ர வெப்பம் ஏறக்குறைய ரண்டு மடங்கு. பழைய பர்னரில விட்டால் ஒழுங்கா எரியாது. அந்தப் பத்து வருசத்திலதான் பொயிலர் சாதாரண வீட்டுக்கு வந்தது.

புதுக்குடி:
நடுவுல ஒரு கேள்வி. லண்டன்ல ஈஸ்ட் ஹாம் பக்கம் நம்ம ஆட்கள் வாங்குற வரிசை வீடுகள் பலதும் நூறு வருஷம் தாண்டினவை. பலகை அடிச்ச கணப்பைத் திறந்து மறுபடி எரிக்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. என்ன பதில்?

சுண்ணாம்புச்சாந்து:
திறக்கலாம், தீ மூட்டும் முன் செய்யவேண்டியவை பல. முதலில் பின்னால் பழைய பேக் பாய்லர் இருக்கிறதா என்று பாருங்கள். கணப்புக்குப் பின்னால் பதித்த இரும்புத் தண்ணீர்ப் பெட்டி அது. குழாயை வெட்டி முனையை அடைத்துவிட்டு விட்டிருப்பார்கள். உள்ளே மிஞ்சிய தண்ணீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் பெட்டி குண்டாக வெடிக்கும். அதைப் பெயர்த்தெடுக்காமல் ஒரு தீக்குச்சி கூடக் கிழிக்கக் கூடாது.

பிறகு துடைப்பு. ஜாக்டா காக்கைகள் வாளி வாளியாகச் சுள்ளி போட்டுக் கூடு கட்டியிருக்கும். அடுத்தது புகைச் சோதனை: கீழே புகை மாத்திரை ஏற்றி, மேலும் கீழும் அடைத்து, மாடி அறையிலும் பக்கத்து வீட்டிலும் புகை வருகிறதா என்று பார்ப்பது. அந்தக் காலப் புகைபோக்கியின் உட்பூச்சு சுண்ணாம்பும் மாட்டுச்சாணமும் கலந்தது (சாணத்தின் அருமை நமக்கு மட்டும் தெரிந்தது இல்லை). கரிப்புகையின் அமிலம் நூறாண்டில் அதை அரித்திருக்கும். ஒழுகினால் துருவேறா எஃகு உறை இறக்கவேண்டும்.

தெர்மாமீட்டர்:
சட்டத்தை விட்டுவிட்டீர்களே. லண்டனின் பெரும்பகுதி புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி. அங்கே திறந்த கணப்பில் விறகு எரிக்கவே கூடாது. அங்கீகரித்த புகையில்லா எரிபொருள் மட்டும். புகை வந்தால் இங்கிலாந்தில் 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம். பழைய வீட்டுக்கரி விற்பனையே 2023 மே 1 முதல் இங்கிலாந்தில் முற்றாக நின்றுவிட்டது. விறகுதான் வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற மூடிய ஸ்டவ் வையுங்கள். வெப்பத்தில் நான்கில் மூன்று பங்காவது அறையில் நிற்கும். விறகின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். அன்று வெட்டிய மரத்தில் பாதி எடை தண்ணீர். அதே அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் மாட்டுங்கள்.

ஓதம் போகத்தான் என்றால் இவ்வளவும் வீண் செலவு. சமையலறையிலும் குளியலறையிலும் ஈரமானி வைத்த, காற்றை வெளியேற்றும் விசிறி போதும்.

சுண்ணாம்புச்சாந்து:
விசிறி அறைக் காற்றின் ஈரத்தை எடுக்கும், சுவருக்குள் இருப்பதை? வெளிச்சுவரில் செங்கல் இடுக்குகளின் சுண்ணாம்பைச் சுரண்டி சிமெண்ட் பூசியிருந்தால் உள்ளே போன மழை வெளியே வர வழியில்லை. சிமெண்டை எடுத்துச் சுண்ணாம்பால் மறுபடி இடுக்குகளைப் பூசுங்கள், உறைபனி முடிந்த பிறகு. பச்சைச் சுண்ணாம்பு பனியில் உறைந்தால் பொரிந்து உதிரும்.

தெர்மாமீட்டர்:
அதற்கும் முன்னால் ஓர் ஏணி வைத்துக் கூரைக்கு ஏறுங்கள். புகைபோக்கி கூரையைத் துளைக்கும் இடத்தில் ஈயத்தகடு கிழிந்திருந்தாலும் மார்புச் சுவரில் இதே பழுப்புத் திட்டுத்தான் வரும். மழை பெய்த மறுநாள் திட்டு பெரிதானால் ஈயத்தகடு. மழையே இல்லாத ஈரக் காற்று நாளில் பெரிதானால் நீங்கள் சொன்ன கரி உப்பு. அதைப் பார்க்காமல் சுண்ணாம்பு வாங்கக் கிளம்பவேண்டாம்.