தேர்தலில் வெளிநாட்டுத் தலையீடு: எந்த வழியில் வரும், எப்படித் தடுப்பது?

கேள்வி (குளச்சல்):

சென்ற தேர்தலில் பிரச்சாரம் ஓய்ந்த பிறகு எங்கள் ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு குரல்பதிவு வந்தது. வேட்பாளர் ஒருவரே பேசுவதுபோல் இருந்த அதில், தாம் வென்றால் வள்ளங்களுக்கான டீசல் மானியம் நிற்கும் என்று சொல்லப்பட்டிருந்தது. பலமுறை கைமாறியதைக் காட்டும் இரட்டை அம்புக்குறி அதன்மேல் இருந்தது. அனுப்பியது யாருக்கும் அறிமுகமில்லாத ஒரு வெளிநாட்டு எண். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் நிறைந்த குழு என்பதால் யாரும் ஐயுறவில்லை. வேற்று நாடொன்று நம் தேர்தலில் கைவைக்க நினைத்தால் எந்த வழியில் வரும், தடுக்க என்ன சட்டங்கள் உள்ளன என்று விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (நாகர்கோவில்):

வாக்குப்பதிவு இயந்திரம் இணையத்தோடு இணைக்கப்படுவதில்லை. வாக்களித்ததும் ஒப்புகைச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடிகள் தெரிகிறது. ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 வாக்குச்சாவடிகளின் சீட்டுகள் எண்ணி ஒப்பிடப்படுகின்றன. நம் மக்களவைத் தொகுதியில் 6 சட்டமன்றத் தொகுதிகள் இருப்பதால் 30 சாவடிகள். ஆகவே வெளியார் குறிவைப்பது வாக்காளரின் மனத்தைத்தான்.

2016 அமெரிக்கத் தேர்தலில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து இயங்கியவர்கள், அமெரிக்கர்களாகவே வேடமிட்டு ஃபேஸ்புக் பக்கங்கள் நடத்தி, பேரணிகளுக்குக்கூட ஆள் திரட்டியதை அமெரிக்கச் சிறப்பு விசாரணையாளர் முல்லரின் அறிக்கை விரிவாகக் காட்டியது. ருமேனியாவில் பிரச்சாரத்துக்குச் செலவே செய்யவில்லை என்று கணக்குக் கொடுத்த ஒருவர், டிக்டாக் வழியே திடீரென உயர்ந்து 2024 நவம்பரில் அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் முதலிடம் பெற்றார். வெளிநாட்டுத் தலையீட்டைச் சுட்டிய உளவுத்துறை ஆவணங்கள் வெளியானதும் அரசியலமைப்பு நீதிமன்றம் டிசம்பர் 6 அன்று அத்தேர்தலையே ரத்து செய்தது. மக்கள் போட்ட வாக்கை ரத்து செய்வது மிகக் கசப்பான மருந்து. அந்த நிலை நமக்கு வரவே கூடாது.

பதில் 2 (தக்கலை):

என்னைப் பொறுத்தவரை, குரல்பதிவைவிடப் பணமே பெரிய வாசல். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29பி பிரிவும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டமும் கட்சிகள் வெளிநாட்டுப் பணம் வாங்குவதைத் தடுக்கின்றன. ஆனால் இங்கிலாந்தில் பதிவுபெற்ற வேதாந்தா குழுமத்தின் இந்திய நிறுவனங்களிடமிருந்து காங்கிரசும் பாஜகவும் நன்கொடை பெற்றது சட்டமீறல் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2014இல் கூறிய பிறகு நடந்ததைப் பாருங்கள்: 2016இல் நிதிச் சட்டத்தின் வழியே "வெளிநாட்டு மூலம்" (யார் தரும் பணம் வெளிநாட்டுப் பணம்) என்பதன் வரையறை தளர்த்தப்பட்டது, 2018இல் அந்தத் தளர்வு 1976 வரை முன்தேதியிட்டு நீட்டிக்கப்பட்டது. வேலி போட்டவர்களே வேலியைப் பிரித்த இந்தச் செயலை நாம் போதிய அளவு கேள்வி கேட்கவில்லை. கொடுத்தவர் பெயரை மறைத்த தேர்தல் பத்திரங்களை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது ஓர் ஆறுதல்.

பதில் 3 (தேங்காய்ப்பட்டணம்):

தக்கலை நண்பர் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் வெளிநாட்டு எண் என்பதாலேயே அதை வெளிநாட்டுச் சதி என்று கருதிவிடக் கூடாது. இந்தியக் குடியுரிமையோடு வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகள் நம் தேர்தலைப் பற்றிப் பேசுவது அவர்களது உரிமை; படிவம் 6ஏ கொடுத்துப் பட்டியலில் சேர்ந்து, நேரில் வந்து வாக்களிக்கவும் சட்டம் இடம் தருகிறது. கூடங்குளம் போராட்டக் காலத்தில் கடலோர மக்களின் அச்சத்தையே வெளிநாட்டுத் தூண்டுதல் என்று சொன்னவர்கள் உண்டு. தலையீட்டுக்கு அடையாளம் மாற்றுக் கருத்து அன்று. மறைத்த முகமும் மறைத்த பணமும்தான்.

குளச்சல் நண்பர் அந்தக் குரல்பதிவை அழித்துவிடாமல், அனுப்பிய எண்ணும் தேதியும் தெரியும்படி படமெடுத்து, மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். அடுத்த முறை இப்படி வந்தால் 1950 என்ற தேர்தல் உதவி எண்ணுக்கு உடனே அழைத்துவிட்டு, வேட்பாளரின் முகவரிடம் கேட்டு உறுதிசெய்த மறுப்பை அதே குழுவில் அன்றே போட வேண்டும். வாக்குப்பதிவு முடிந்த பிறகு வரும் மறுப்பால் பயனில்லை.