உயிர்க்குறியா, சுட்டியா, குறிப்பானா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவும்

குழுவினருக்கு வணக்கம்.

நீரிழிவு பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பயோமார்க்கர், அதாவது உடலின் உள்நிலையை அளந்து அறிய உதவும் பொருள், என்ற சொல் பக்கத்துக்கு நான்கு முறை வருகிறது. பெரும்பாலும் இரத்தப் புரதங்கள்தான்: கல்லீரல் சுரக்கும் ஃபெட்யூயின்-ஏ, கொழுப்புத் திசு சுரக்கும் அடிப்போநெக்டின், அழற்சியில் ஏறும் சி-ரியாக்டிவ் புரதம். 'உயிர்க்குறி' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

———

> 'உயிர்க்குறி' என்று போட்டிருக்கிறேன்

வேண்டாம் ஐயா. எழுத்துரு செய்பவரிடம் கேட்டால் உயிர்க்குறி என்பது காலும் கொம்பும் சுழியும். சுருக்கிக் 'குறி' என்றாலோ, வகுப்பில் சிரிப்பு அடங்க அரை மணி ஆகும். அ, இ, உ என்ற சுட்டெழுத்துகள் செய்கிற வேலையைத்தானே இந்தப் புரதங்களும் செய்கின்றன? 'உயிர்ச்சுட்டி' என்று வையுங்கள்.

———

சுட்டி என்றால் கணினியோடு வருவது. இல்லாவிட்டால் அடங்காத பிள்ளை.

அது கிடக்கட்டும். சுட்டு நேராகக் கைகாட்டும். இவை அப்படிக் காட்டுவதில்லை. சி-ரியாக்டிவ் புரதம் ஏதாவது தொற்று வந்தாலும்தான் ஏறும். வள்ளுவர் 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பை இரண்டு அதிகாரங்களுக்கு வைத்தார், 71, 110. அவையில் இருப்பவனுக்கு ஒன்று, காதலிப்பவனுக்கு ஒன்று. இரண்டிலும் வேலை ஒன்றுதான்: வெளியே தெரிவதை வைத்து உள்ளே இருப்பதை அறிவது.

வினைமுற்றையும் பாருங்கள். தெரிநிலை காலத்தை வெளிப்படையாகக் காட்டும், குறிப்பு காட்டாது. ஹெச்பிஏ1சி, அதாவது சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டியிருக்கும் அளவு, தெரிநிலை. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கை ஒட்டியபடியே சொல்லிவிடும். அடிப்போநெக்டின் குறிப்பு. குறைந்திருந்தால், நோய் வந்துவிட்டதா, வரப்போகிறதா என்று அது வாய் திறக்காது. எனவே 'உயிர்க்குறிப்பான்'.

———

அப்படியானால் ஹெச்பிஏ1சி-க்கு 'உயிர்த்தெரிப்பான்' என்று தனியாக ஒரு சொல் வேண்டுமே! என் மாணவர்களுக்குக் குறிப்பான் என்பது பலகையில் எழுதுகிற பேனா. படிக்கப்போவது நோயாளி. அவர் தேடுவது எண்ணை: 5.7 முதல் 6.4 சதவீதம் வரை முன்நீரிழிவு, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. பயோமார்க்கர் என்றே எழுதிவிட்டால் என்ன குறைந்துபோகும்?

———

> முன்நீரிழிவு

முன் + நிலை முன்னிலை ஆகும்போது இது மட்டும் ஏன் முன்னீரிழிவு ஆகாமல் நிற்கிறது?

———

முன்னீர் என்று கண்ணில் பட்டால் எனக்குக் கடல்தான் நினைவுக்கு வருகிறது. முந்நீர், அதாவது ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர். படைத்தல், காத்தல், அழித்தல் என்ற மூன்று நீர்மை என்றும் உரை உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ஏனென்றால்

(மீதியைத் தனி மடலில் எழுதுகிறேன். நேற்றே ஒருவர் கோபித்துக்கொண்டார்.)

———

புணர்ச்சியை விட்டுவிட்டு 'நீரிழிவு முன்நிலை' என்று பிரித்து எழுதுங்கள், வம்பு தீர்ந்தது. அப்புறம், கையேட்டில் ஃபேட்டி லிவருக்குக் 'கொழுப்பு படிந்த கல்லீரல்' வேண்டாம். தூசி மாதிரி மேலே படிவதில்லை. உயிரணுக்களுக்குள் துளித்துளியாகச் சேர்கிறது. 'கொழுப்பேறிய' பொருந்தும்.

———

கொழுப்பு என்றாலே தமிழில் திமிர் என்றும் பொருள், அதையும் யோசியுங்கள். ஆங்கிலத்திலேயே 2023இல் 'மது சாராத ஃபேட்டி லிவர்' என்ற நோய்ப்பெயரை மாற்றினார்கள். 'ஃபேட்டி' என்பதும் 'மது சாராத' என்பதும் நோயாளியைக் கூச வைக்கின்றன என்று பலர் சொன்னதால் இரண்டையும் எடுத்துவிட்டார்கள்.

———

அனைவருக்கும் நன்றி. வியாழன் இரவு பதினொன்று. எண்ணிப் பார்த்தேன்: குறிப்பானுக்கு நால்வர், சுட்டிக்கு இருவர், பயோமார்க்கருக்கு ஒருவர், முந்நீருக்கு ஒருவர். முதல் இடத்தில் 'பயோமார்க்கர் எனப்படும் உயிர்க்குறிப்பான்', பிறகு வெறும் 'குறிப்பான்'. கல்லீரலுக்குக் 'கொழுப்பேறிய'. கோப்பை அனுப்பிவிட்டேன்.

———

> சுட்டிக்கு இருவர்

மூவர். என் துணைவியாரும் சுட்டிதான் என்கிறார். இரண்டாம் பதிப்பு எப்போது?