பேக்கப் ஃபைல் 20 பைட்தான், மெயில் மட்டும் "வெற்றி"

கேள்வி: உப்புவெளி விடுதி ஒன்றின்ர முன்பதிவு டேட்டாபேஸ். இரவு 2 மணிக்கு கிரொன் (குறிச்ச நேரத்தில வேலையை ஓட்டுற நிரல்), மைஎஸ்கியூஎல்டம்பை (டேட்டாபேஸைப் பிரதி எடுக்கிற கட்டளை) ஜிசிப்புக்கு (சுருக்கிற கட்டளை) பைப் பண்ணுது, அதாவது ஒண்டின்ர வெளியீட்டை மற்றதுக்குக் குடுக்குது. ஃபைல் 20 பைட். "வெற்றி" எண்டு மெயில் வருகுது. ஏன் அண்ணா?

பதில் 1: 20 பைட் எண்டால் ஒண்டுமில்லாததைச் சுருக்கின ஜிசிப், தம்பி. பைப்பில கடைசிக் கட்டளையின்ர எக்ஸிட் கோடைத்தான் (முடிவு எண், 0 எண்டால் வெற்றி) ஷெல் (கட்டளைகளை ஓட்டுற நிரல்) எடுக்கும். டம்ப் பிழைச்சு நிண்டாலும் ஜிசிப் 0 குடுக்கும். ஸ்கிரிப்டை பாஷில (ஷெல் வகை ஒண்டு) ஓட்டி, தொடக்கத்திலயே பைப்ஃபெயிலை செட் பண்ணுங்கோ; பிறகு பைப்பில எந்தக் கட்டளை பிழைச்சாலும் பிழை எண்டே காட்டும். பிழைச்செய்தியை டெவ் நல்லுக்கு (வாறதையெல்லாம் எறிஞ்சுவிடுற இடம்) அனுப்பாதேங்கோ, லொக்கில (பதிவு ஃபைலில) விடுங்கோ. காரணம் அதிலதான் கிடக்கும். ஃபைலை விரிச்சால் கடைசி வரியில "டம்ப் கம்ப்ளீட்டட்" இருக்கவேணும்.

பதில் 2: கரண்ட் போய் ஸ்கிரிப்டே ஓடாட்டி பிழை மெயிலும் வராது. வேற மெஷினில காலை 6 மணிக்கு ஃபைலின்ர வயசைப் பாருங்கோ. 24 மணித்தியாலம் தாண்டினால் எஸ்எம்எஸ்.