ரயில்வே விபத்து இழப்பீட்டில் 3,765 டாலர் பிடித்தது எப்படிச் சரி?

சட்டப்பித்தன்:
அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019 மார்ச் 4 அன்று பிஎன்எஸ்எஃப் ரயில்வே வழக்கில் தந்த தீர்ப்பு பற்றிக் கேட்கிறேன். ரயில்வே யார்டில் அடிபட்ட தொழிலாளிக்கு ஜூரி கொடுத்தது 126,212.78 டாலர்: வலி, வேதனைக்கு 85,000, மருத்துவச் செலவுக்கு 11,212.78, சம்பள இழப்புக்கு 30,000. இந்த 30,000இல் கம்பெனி 3,765 டாலர் வரி பிடிக்கலாமாம். காயத்துக்கான இழப்பீட்டுக்கு வரி இல்லை என்பார்களே?

தண்டவாளம்:
அது வருமான வரிக்கு. அங்கே ரயில்வேக்காரர்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி என்ற பொது அரசு ஓய்வூதியத் திட்டத்துக்குப் பதிலாகத் தனி ஓய்வூதியமும் அதற்கென்று தனி வரியும் உண்டு. முதல் அடுக்கு 7.65%, இரண்டாம் அடுக்கு 4.9%. 30,000க்கு 2,295 + 1,470 = 3,765.

ஊழியராகச் செய்த பணிக்குக் கிடைக்கும் பணத்துக்குத்தான் இந்த வரி. வேலைக்கே வராத நாளுக்குக் கொடுப்பது அதில் சேருமா என்பதுதான் வழக்கு. எட்டாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் சேராது என்றது. உச்ச நீதிமன்றம் 7-2 என்று அதை மாற்றியது. வேலை நீக்கத்துக்குப் பின் தரப்படும் நிலுவைச் சம்பளமும் சம்பளமே என்ற 1946ஆம் வருடத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு நீதிபதி கின்ஸ்பர்க் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். இது கம்பெனியின் கவனக்குறைவுக்கான நஷ்டஈடு, பணிக்கான கூலி அல்ல என்று நீதிபதி கோர்சச் மறுத்தார். தாமஸும் அவரோடு சேர்ந்தார். கோர்சச் சொன்னதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

யார்டுமாஸ்டர்:
தீர்ப்பைவிட, சமரசப் பத்திரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காயத்துக்கான தொகையில் சம்பள இழப்பும் கலந்திருந்து, பணம் தரும் நேரத்திலேயே இன்னின்னதற்கு இவ்வளவு என்று பிரித்து எழுதாவிட்டால், மொத்தத் தொகையும் சம்பள இழப்பு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்புறம் பிரித்துப் பயனில்லை. ஜூரியிடமும் தலைப்புவாரியாகத் தொகை கேட்டு வாங்க வேண்டும்.

அதற்காகச் சம்பள இழப்பைப் பூஜ்யமாக்கிவிடவும் கூடாது. 30 வருட சர்வீஸ், அதாவது 360 மாதம் இருந்தால் 60 வயதில் முழு ஓய்வூதியம். விபத்தால் விட்டுப்போன மாதத்தை சர்வீஸில் சேர்க்க, அந்த மாதத்துக்குச் சம்பள இழப்பாக நாள் சம்பளத்தைப்போல் 10 மடங்காவது ஒதுக்கியிருக்க வேண்டும். நாள் சம்பளம் 250 டாலர் என்றால் மாதத்துக்கு 2,500. 12 மாதத்துக்கு 30,000. 350 மாதத்தில் நிற்பவருக்கு 3,765 வரி ஒரு பொருட்டே அல்ல.

சட்டப்பித்தன்:
கம்பெனிக்கு இதில் என்ன ஆதாயம்? அவர்களும் தங்கள் பங்கைக் கட்ட வேண்டுமே?

தண்டவாளம்:
ஆமாம், தொழிலாளியைவிட அதிகமாகவே. ஆனால் சம்பள இழப்புக்கு வரி உண்டு என்றால், வழக்கை நடத்துவதைவிட அந்தத் தலைப்பே இல்லாமல் சமரசமாகப் போகத் தொழிலாளிக்கே தோன்றும். கோர்சச் சுட்டியதும் இதைத்தான்.

யார்டுமாஸ்டர்:
இன்னொன்று: சிகிச்சைக் காலத்தில் ரயில்வே ஓய்வூதிய வாரியத்திடம் வாங்கிய நோய்க்கால உதவித்தொகையை வாரியம் இழப்பீட்டிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். கையெழுத்துக்கு முன் அந்தத் தொகை எவ்வளவு என்று வாரியத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.