தலசீமியாவுக்காகக் கருவைப் பரிசோதிக்கப் போகிறோம். உயரம், அறிவு, நிறம் என்று பேச்சு வளர்கிறது. எங்கே நிறுத்துவது?

மலர்_பாயான்பாரு எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு 33 வயது, பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நானும் என் கணவரும் தலசீமியா கேரியர்கள், அதாவது அந்த ரத்தக் கோளாற்றின் மரபணு எங்களிடம் ஒரு பிரதி இருக்கிறது, எங்களுக்கு நோய் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே இருவருக்கும் தெரியும். ஜாதகத்தோடு ரத்தப் பரிசோதனைத் தாளையும் வைத்துக்கொண்டுதான் பேசினோம், ஏனென்றால் என் தம்பிக்குத் தலசீமியா மேஜர், அந்த நோயின் கடுமையான வகை.

அவனுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற ரத்தத்தின் இரும்பு உடம்பிலேயே தங்கிவிடும், அதை வெளியேற்ற வாரத்தில் ஐந்து இரவு வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி குத்தி ஒரு சின்ன பம்பை மாட்டிவிட வேண்டும், எட்டுப் பத்து மணி நேரம். அம்மா ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அங்கேதான் குப்பியில் இருக்கும் பொடியைக் கரைப்பார், நுரை அடங்கிவிட்டதா என்று விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். ராத்திரி முழுக்கத் தலையணைக்குப் பக்கத்தில் அந்தப் பம்பு சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். 19 வயதில் இருதயம் தாங்காமல் போய்விட்டான். அதற்கப்புறம் பல மாதம் அந்தச் சத்தம் கேட்காமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் ஐவிஎஃப் (உடம்புக்கு வெளியே கருத்தரிக்க வைப்பது) செய்து, கருவைப் பரிசோதித்து, நோய் இல்லாததை வைப்பது என்று முடிவெடுத்தோம். அதில் எனக்கு உறுத்தல் இல்லை. ஆனால் கலிபோர்னியாவில் இருக்கும் நாத்தனார் ஒரு லிங்க் அனுப்பினார். அங்கே சில நிறுவனங்கள் ஒவ்வொரு கருவுக்கும் நீரிழிவு, இருதய நோய், உயரம், அறிவு என்று மதிப்பெண் போட்டுக் கொடுக்கிறார்களாம். "எப்படியும் கருவைச் சோதிக்கத்தானே போகிறீர்கள், இதையும் பார்த்தால் என்ன?" என்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியார் மெதுவாக, "நிறமும் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. ராத்திரி படுத்தபோது யோசித்தேன், நான் செய்வதற்கும் அவர்கள் கேட்பதற்கும் நடுவில் உண்மையில் ஒரு கோடு இருக்கிறதா? எல்லோரும் இப்படித் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் ஆயிரம் வருடம் கழித்து மனிதர் எப்படி இருப்பார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிவா_செராஸ் எழுதியது:

மலர், தம்பியைப் பற்றிப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. நான் கோலாலம்பூரில் ஒரு மரபணு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தலசீமியா ஒரே மரபணுவில் வரும் கோளாறு. பெற்றோர் இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் 25 சதவீதம் நோய், 50 சதவீதம் கேரியர், 25 சதவீதம் எதுவும் இல்லை. சோதனையும் பெரும்பாலும் திட்டவட்டமாகப் பதில் சொல்லும். உயரமும் அறிவும் அப்படி இல்லை, ஆயிரக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்கொரு சொட்டாகச் சேர்ந்து செய்யும் வேலை அது, அதன் மேல் சாப்பாடு, பள்ளி, வீடு எல்லாம் வேறு. 2019இல் வந்த ஓர் ஆய்வில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்: பத்துக் கருக்களில் அதிக மதிப்பெண் வாங்கியதை எடுத்தாலும் சராசரியாகக் கிடைக்கக்கூடியது உயரத்தில் சுமார் 2.5 சென்டிமீட்டர், ஐக்யூவில் சுமார் 2.5 புள்ளி. அந்த மதிப்பெண்களும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவை வைத்துக் கட்டியவை, நமக்கு இன்னும் தடுமாறும். உங்கள் நாத்தனாரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் நிறம் பற்றி அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. எஸ்எல்சி24ஏ5 என்று ஒரு மரபணு, அதில் ஒரே ஓர் எழுத்து மாறுவதே தோலின் நிறத்தை ஓரளவு மாற்றும், தெற்காசியரிடம் இரண்டு வகையும் பரவலாக உண்டு. ஒரே வீட்டில் அக்கா மாநிறம், தங்கை கறுப்பு என்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதாவது உங்கள் மாமியார் கேட்டது நடக்காத காரியம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அடுத்தது, தலசீமியா மரபணு ஏன் நம்மிடம் இத்தனை பேருக்கு இருக்கிறது? ஒரு பிரதி மட்டும் வைத்திருப்பவர்களை மலேரியா எளிதில் கொல்லாது. 1949இலேயே ஹால்டேன் இதை ஊகித்துச் சொன்னார், பின்னாளில் இந்தியாவுக்கே குடிவந்து 1964இல் புவனேஸ்வரில் இறந்தாரே, அவர்தான். கொசு நிறைந்த ஊரில் உங்கள் முன்னோர் யாரோ ஒருவர் பிழைத்ததற்கு இதே மரபணு காரணமாக இருந்திருக்கலாம். நல்ல மரபணு, கெட்ட மரபணு என்பது இடத்தையும் காலத்தையும் பொறுத்தது. 2018இல் சீனாவில் ஹே ஜியான்குய் என்ற விஞ்ஞானி கருவிலேயே சிசிஆர்5 மரபணுவைத் திருத்தி, இந்தக் குழந்தைகளுக்கு எச்ஐவி வராது என்றார். அதே மரபணு வேலை செய்யாதவர்களை வெஸ்ட் நைல் வைரஸ் கடுமையாகத் தாக்கும் என்று அதற்கு முன்பே தெரியும். அவருக்கு மூன்று வருடச் சிறை கிடைத்தது, ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு அந்தத் திருத்தம் ஆயுளுக்கும் இருக்கும், அவர்களுடைய பிள்ளைகளுக்கும் போகலாம்.

நீங்கள் செய்வது இருக்கிற கருக்களில் ஒன்றைத் தேர்வது. புதிதாக எதையும் எழுதவில்லை. அந்த வித்தியாசம் பெரியது. ஒன்று மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: கேரியராக இருக்கும் கருக்களையும் ஒதுக்கச் சொல்வீர்களா? கேரியர் என்றால் நோயாளி இல்லை. நீங்களே கேரியர்தான்.

ஆயிரம் வருடம் பற்றி: பரிணாமத்துக்குப் போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்றும் கிடையாது. சபாவின் செம்போர்ணாவில் கடலிலேயே வாழும் பஜாவ் மக்களைப் பார்த்திருப்பீர்கள். அதே இனத்தவரை இந்தோனேசியாவில் ஆராய்ந்தபோது, பக்கத்து நிலத்து மக்களைவிட அவர்களின் மண்ணீரல் சுமார் 50 சதவீதம் பெரிதாக இருந்தது, 2018இல் வெளியான ஆய்வு. மூச்சடக்கி முங்குவதற்கு அது உதவுகிறது. அதை யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. விதவிதமாக இருந்ததால்தான் எந்தச் சூழல் வந்தாலும் யாராவது தாக்குப்பிடித்தார்கள், அதைக் குறைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

தோட்டத்து_வாத்தியார் எழுதியது:

மலர் அம்மா, நான் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், இப்போது பிரிக்பீல்ட்ஸில் மகள் வீட்டில் இருக்கிறேன். பிறந்தது கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில். தம்பி சிவா மலேரியாவைப் பற்றிச் சொன்னதும் என் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. காடு வெட்டிய காலத்தில் லயத்துக்கு லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) காய்ச்சலில் செத்தார்கள் என்று சொல்வார். 1901இல் மால்கம் வாட்சன் என்ற அரசாங்க டாக்டர் கிள்ளான் டவுனில் சதுப்பைத் தூர்த்து வடிகால் வெட்ட வைத்தார், காய்ச்சல் அப்படியே இறங்கியது. தலைமுறை தலைமுறையாகச் சாவைப் பார்த்துப் பார்த்து ரத்தம் மாறிக்கொண்டிருந்தபோது, வாய்க்கால் வெட்டியே அந்தச் சாவைத் தடுத்தார்கள். மண்ணைத் திருத்த முடிகிற இடத்தில் பிள்ளையை ஏன் திருத்த வேண்டும்?

நிறத்துக்கும் இதையேதான் சொல்வேன். நாலாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள், நன்றாக ஆடுவாள். ஆண்டு விழாவுக்கு முதல் வரிசையில் நிற்கச் சொன்னேன், மாட்டேன் என்று ஒரே அழுகை. கழிப்பறையில் முகம், கழுத்து, கை எல்லாம் பவுடரை அப்பிக்கொண்டு நின்றவளை இன்னொரு ஆசிரியை கூட்டி வந்தார். வேர்வையில் அது கோடு கோடாக வழிந்தது. அந்தப் பிள்ளையிடம் என்ன குறை? குறை எங்கள் வாயில் இருந்தது, கல்யாணத்துக்கு 'சிவப்பான பெண்' தேடுகிற வீடுகளில் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1883இல் கால்டன் என்பவர் நல்ல மனிதரை வளர்ப்பது என்று ஒரு 'அறிவியலுக்கு'ப் பெயர் வைத்தார், யூஜெனிக்ஸ். 1907இல் அமெரிக்காவில் இந்தியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைக்குச் சட்டம் போட்டது. அந்த நாட்டில் மட்டும் 60,000 பேருக்கு மேல், 1933க்குப் பிறகு ஜெர்மனியில் சுமார் 4 லட்சம் பேர். அவர்களும் நோயைத் தடுக்கிறோம் என்றுதான் தொடங்கினார்கள். இப்போது அரசாங்கம் கட்டாயப்படுத்தவில்லை, சரி. சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

ரவி_ஜெலுத்தோங் எழுதியது:

வாத்தியார் ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் எல்லாவற்றையும் வாய்க்கால் வெட்டிச் சரிசெய்ய முடியாது. என் அப்பாவுக்கு நீரிழிவில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். இந்த நாட்டில் நீரிழிவு அதிகம் நம் இந்தியர்களிடம்தான், 2019 தேசியச் சுகாதார ஆய்வும் அதைத்தான் சொன்னது. தேத்தண்ணியில் சீனியைக் குறை என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நாம் எப்போதுமே உடம்பை 'மேம்படுத்தி'க்கொண்டுதான் வந்திருக்கிறோம். தடுப்பூசி என்ன? நல்லா இருக்கிற குழந்தைக்கு, பிறக்கும்போது இல்லாத சக்தியைக் கொடுப்பதுதானே? நம் பினாங்கில் 1879இல் பிறந்த ஊ லியன் தே, 1910இல் மஞ்சூரியாவில் பிளேக் பரவியபோது துணியும் பஞ்சும் வைத்து முகக்கவசம் கட்டச் சொன்னார், ஒரு பிரெஞ்சு மருத்துவர் அதை ஏளனம் செய்துவிட்டு அதே நோயில் செத்தார். பிசிஎஸ்கே9 என்ற மரபணுவைக் கல்லீரலில் மட்டும் அணைத்துக் கெட்ட கொழுப்பைக் குறைக்கும் சிகிச்சையை 2022இலிருந்து மனிதர்களிடம் சோதிக்கிறார்கள். நாளைக்கு அதையே மாரடைப்பு வராத ஆளுக்கு முன்கூட்டியே கொடுத்தால் அது மருந்தா, மேம்பாடா? எனக்கு அந்தப் பெயர் முக்கியமில்லை. பெரியவர் தானே சம்மதித்துத் தன் உடம்பில் செய்துகொண்டால் தடுக்கக்கூடாது. அப்பாவுக்குக் கிடைத்திருந்தால் நான் வீட்டை விற்றாவது கொடுத்திருப்பேன்.

கவி_செந்தூல் எழுதியது:

எல்லோரும் பேசிவிட்டீர்கள், எனக்குத் தலசீமியா மேஜர், நானும் பேசுகிறேன். வயது 28. பம்பும் பார்த்திருக்கிறேன், இப்போது மாத்திரை. போன வியாழக்கிழமைதான் ரத்தம் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

சிவா அண்ணா, மலேரியாக் கதை உண்மைதான், ஆனால் அதைக் கேட்கும்போது எனக்கு ஆறுதல் வரவில்லை. யாரோ முன்னோர் பிழைத்ததற்கு நான் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். ரத்தம் ஏற்றுவதற்கு இரண்டு நாளைக்கு முன்னால் மாடிப்படி ஏறினால் காதுக்குள்ளே இதயம் அடிக்கும், அது பன்முகத்தன்மை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மலர் அக்கா, என் அம்மா காலத்தில் இந்தக் கருச் சோதனை கைக்கெட்டியிருந்தால் நான் இருந்திருக்க மாட்டேன். அதை யோசிக்காமல் இல்லை. ஆனால் நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்பதற்காக இன்னொரு குழந்தைக்கு இது வர வேண்டும் என்று சொல்ல எனக்கு மனசு வராது. நீங்கள் செய்யுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், 'அந்த மாதிரிக் குழந்தை வேண்டாம்' என்ற வார்த்தையில் சொல்லாதீர்கள். நோய் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

2023 நவம்பரில் பிரிட்டனில் கேஸ்ஜெவி என்ற கிரிஸ்பர் (மரபணுத் திருத்த) சிகிச்சைக்கு அனுமதி கொடுத்த அன்று நான் அழுதேன். நம் ரத்த மூல அணுக்களை எடுத்து, கருவில் இருந்தபோது ஓடிய ஹீமோகுளோபினைத் திரும்பத் திறந்துவிட்டு, கடுமையான கீமோ கொடுத்த பிறகு உடம்பில் ஏற்றுகிறார்கள். பிள்ளைகளுக்குப் போகாது, எனக்கு மட்டும். அப்புறம் விலையைப் பார்த்தேன், அமெரிக்காவில் 2.2 மில்லியன் டாலர். ரவி அண்ணா, நீங்கள் வீட்டை விற்பேன் என்கிறீர்கள், எத்தனை வீடு? உயரத்துக்கும் அறிவுக்கும் பணத்தைக் கொட்டுகிறவர்கள் ஒரு பக்கம், இருக்கிற மருந்தைத் தொட முடியாத நாங்கள் ஒரு பக்கம். மனித இனம் இரண்டாகப் பிரியுமா என்று ஆயிரம் வருடத்துக்கு அப்பால் போய்த் தேட வேண்டாம், வார்டுக்கு வந்து பாருங்கள்.

மலர்_பாயான்பாரு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கவி, உங்கள் பதிலைக் கணவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன், பாதிக்கு மேல் என்னால் முடியவில்லை, மீதியை அவர்தான் படித்தார். நீங்கள் கேட்ட அந்த வார்த்தையை இனி எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டோம்.

தலசீமியாவுக்கு மட்டும்தான் சோதனை என்று முடிவு செய்துவிட்டோம். சிவா கேட்டதையும் பேசினோம், கேரியர் கருவை ஒதுக்கப் போவதில்லை. அந்தப் பிள்ளை பதினாறு வயதில் பள்ளியில் படிவம் நான்கு மாணவர்களுக்கு எடுக்கும் தலசீமியா பரிசோதனைக்குப் போய் நிற்கும்போது நாங்களே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்போம், அதன் மாமாவைப் பற்றியும். நாத்தனாருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் ஐயா எழுதிய பவுடர் கதையை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். தோட்டத்தில் தன்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதே இல்லையாம், பால்மரம் வெட்டப் போகிற இடத்தில், கடையில், கோயிலில், எல்லா இடத்திலும் 'கறுப்பி'தான். "என் பேரப்பிள்ளையையும் அப்படிக் கூப்பிட்டுவிடுவார்களோ என்றுதான் கேட்டேன் மா" என்றார். பத்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், இது எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை கிளினிக் போகிறோம். அத்தையும் கூட வருகிறேன் என்றிருக்கிறார்.