மறு: கேஸிலும் கரண்டிலும் ஓடும் ஃபிரிட்ஜுக்குத் தமிழில் என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம்.

> 'எரிவாயுக் குளிர்பெட்டி' என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும் என்பதுதான் என் கவலை. நாம் தமிழாக்கும் கையேடு கேரவன் வண்டியில் பொருத்தும் பெட்டிக்கானது. ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் வண்டி எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு சுற்றும் நம் மக்கள் படிக்கப்போவது. நம் வீடுகளில் 'ஃபிரிட்ஜ் கேஸ்' என்றால் மெக்கானிக் வந்து அடித்துவிட்டுப் போகும் குளிரூட்டும் வாயுதான். 'கேஸ் தீர்ந்துபோச்சு', 'கேஸ் லீக்' எல்லாம் அந்தப் பொருளில்தான் பழகியிருக்கிறது. இந்தப் பெட்டியிலோ சிலிண்டரிலிருந்து வந்து சுடராக எரியும் எரிவாயு ஒன்று; முதுகுப்புறக் குழாய்களுக்குள் வெல்டிங் செய்து அடைத்த அம்மோனியாவும் ஹைட்ரஜனும் இன்னொன்று. 'கேஸ் கசிந்தால்' என்று எழுதினால் எதைச் சொல்கிறோம்?

இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு. எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படரும். அதற்காகத்தான் வண்டியின் தளத்தில் துளை விடுகிறார்கள். அதை மிதியடி போட்டு மூடக் கூடாது. வாடை வந்தால் சிலிண்டரை அடைக்க வேண்டும், கதவைத் திறக்க வேண்டும், எந்த ஸ்விட்சையும் தொடக் கூடாது. இணைப்புகளைச் சோதிக்கச் சோப்புத் தண்ணீர் போதும். தீக்குச்சி கிட்டவே போகக் கூடாது. அம்மோனியா கசிந்தால் மூக்கு எரியும், கண்ணில் நீர் கொட்டும், பின்புறக் குழாயில் மஞ்சள் தூள் படிந்திருக்கும். அந்தத் தூள் துரு பிடிக்காமலிருக்க உள்ளே சேர்க்கும் சோடியம் குரோமேட். நச்சு, கையால் துடைக்கக் கூடாது. ஆட்களை வெளியேற்றி, காற்றோட்டம் விட்டு, பழுதுபார்க்கும் பணியாளரை அழைக்க வேண்டும். அங்கே 'கேஸ் அடிக்க' வழியே கிடையாது. உள்ளே காற்றழுத்தத்தைப் போல் 20 மடங்குக்கும் மேல் அழுத்தம்; குளிரூட்டும் தொகுதியையே மாற்ற வேண்டும். ஆகவே கையேட்டில் வெறும் 'கேஸ்' ஓரிடத்திலும் வரக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். எரிபொருளுக்கு 'எரிவாயு', உள்ளிருப்பதற்கு 'அம்மோனியாக் கரைசல்'.

> அப்படியானால் 'வெப்பம் உறிஞ்சும் பெட்டி'?

எந்த ஃபிரிட்ஜும் உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியேதான் விடுகிறது, அதனால் இது பிரித்துக் காட்டாது. இங்கே உறிஞ்சுவது தண்ணீர், உறிஞ்சப்படுவது அம்மோனியா. அடியில் சூடு வைத்தால் கரைசலிலிருந்து அம்மோனியா ஆவியாகப் பிரிந்து மேலேறும். மேலே குளிர்ந்து திரவமாகும். பிறகு ஹைட்ரஜன் நிறைந்த பகுதிக்குள் இறங்கி மறுபடி ஆவியாகும். அப்போதுதான் பெட்டி குளிர்கிறது. அந்த ஆவியைத் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு அடிக்குத் திரும்பும். கம்பிரசர் இல்லை, அசையும் பாகம் ஒன்றும் இல்லை. 1922இல் ஸ்டாக்ஹோமில் பொறியியல் மாணவர்களாக இருந்த பால்ட்சார் வான் பிளாட்டனும் கார்ல் முன்டர்ஸும் கண்டுபிடித்தது. 1925இல் எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஹோட்டல் அறைகளில் சத்தமே போடாமல் நிற்கும் குட்டிப் பெட்டிகளில் பலவும் இதே முறைதான்.

இதனால் என் பரிந்துரை: 'உறிஞ்சுமுறைக் குளிர்பெட்டி'. கம்பிரசர் வகைக்கு 'அமுக்குமுறைக் குளிர்பெட்டி' என்று இணைச்சொல்லும் கிடைத்துவிடுகிறது. 'சுடர்க் குளிர்பெட்டி' அழகுதான். ஆனால் மின்சாரத்தில் ஓடும்போது சுடரே இல்லையே.

பாகங்களுக்கு வருவோம். சூடேறும் இடத்தைக் 'கொதிகலன்' என்போம். 'ஜெனரேட்டர்' என்ற அதன் ஆங்கிலப் பெயரைப் பார்த்து 'ஆக்கி' என்றால் மின்னாக்கி நினைவுக்கு வரும். 'ஆவியாக்கி', 'உறிஞ்சி', 'புகைப்போக்கி' ஆகியவற்றில் சிக்கல் இல்லை. சுடர் அணைந்தால் எரிவாயுவைத் தானே நிறுத்தும் பாகத்துக்குச் 'சுடர்க்காவல்' நன்றாக இருக்கிறது, முன்மொழிந்தவருக்கு நன்றி.

வண்டி சாயாமல் நிற்பதைச் சொல்ல நம் வரைவில் வரும் 'சமநிலை' என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து மாற்றுங்கள். கொத்தனார் பேச்சில் 'மட்டம்' இருக்கிறது, பார்க்க 'ரசமட்டம்' இருக்கிறது. "வண்டியை நிறுத்தியதும் பெட்டிக்குள் ரசமட்டம் வைத்துப் பாருங்கள்" என்றால் யாருக்கும் விளங்கும். இது சின்ன விஷயம் இல்லை. உள்ளே திரவம் தன் எடையால்தான் வழிந்து ஓடுகிறது. மட்டம் தப்பினால் ஓட்டம் நின்று கொதிகலன் வறண்டு சூடேறும், குரோமேட் கட்டியாகிக் குழாயை அடைக்கும். அப்படிப் போன தொகுதி போனதுதான். பல கையேடுகள் 3 பாகைக்கு மேல் பக்கவாட்டில் சாயக் கூடாது என்கின்றன. ஓடும்போது வண்டி இப்படியும் அப்படியும் ஆடுவதால் பாதகமில்லை. நின்ற பிறகுதான் ஆபத்து.

மூன்று சூட்டு வழிகளுக்குச் 'சுவர் மின்சாரம்', 'வண்டி மின்சாரம்', 'எரிவாயு' என்று வைக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றுதான். 12 வோல்ட் வண்டி மின்சாரம் என்ஜின் ஓடும்போது மட்டும், இல்லையென்றால் சில மணி நேரத்தில் பேட்டரி காலி. பெட்ரோல் நிலையத்துக்குள் நுழையுமுன் சுடரை அணைத்துவிட வேண்டும். இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

பொருத்தும் அத்தியாயத்தில் 'காற்றுத்துளை' என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. பெட்டியின் முதுகுக்கு வெளிக்காற்று தரும் கீழ்த்துளை, மேல்துளை வேறு. ஆட்கள் மூச்சுவிட உள்ளே வைக்கும் துளை வேறு. முன்னதை 'முதுகுத்துளை' என்று பிரித்துவிடலாம். பெட்டியின் பின்புறம் ஆட்கள் இருக்கும் பகுதியோடு கலக்காமல் முழுக்க அடைபட வேண்டும், புகை வெளியே மட்டுமே போக வேண்டும். புகையோடு வரக்கூடிய நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. அமெரிக்காவில் 1933 முதல் 1957 வரை தயாரான செர்வல் எரிவாயுக் குளிர்பெட்டிகள் இதனாலேயே உயிர்களைப் பறித்தன. பயன்படுத்த வேண்டாம் என்று அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலோ கரி படிந்தாலோ உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். தூங்கும் இடத்தில் மோனாக்சைடு உணரி கட்டாயம்.

மிச்சமிருப்பது ஆவி திரவமாகும் பாகம், ஆங்கிலத்தில் 'கண்டென்சர்'. தமிழ்நாட்டில் 'கண்டென்சர்' என்றால் மின்விசிறியில் மாட்டும் மின்தேக்கி நினைவுக்கு வருகிறது. ஈழத்துப் பாடநூல்களின் 'ஒடுக்கி' எனக்குப் பிடித்திருக்கிறது. தண்ணீர் அம்மோனியாவைத் தனக்குள் இழுத்துக்கொள்வதற்கு 'உறிஞ்சல்' போதுமா, உங்கள் பாடநூல்களின் 'அகத்துறிஞ்சல்' வேண்டுமா என்று யாழ்ப்பாணத்து நண்பர்கள் சேர்த்துச் சொன்னால் சொற்பட்டியலை முடித்துவிடலாம்.