செம்பருத்தி–வெந்தயம் எனக்குச் சரி, மகளுக்கு ஒத்துவரவில்லை

திருப்பூர்ப் பொண்ணு:
எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். எனக்கு அடர்த்தியான சுருட்டை முடி, குளித்த மறுநாளே வறண்டு பரபரவென்று நிற்கும். வெந்தயத்தை ஊற வைத்து, செம்பருத்தி இலையோடு அரைத்துத் தடவினால் நன்றாக அடங்குகிறது. அதையே மகளுக்கும் போடுகிறேன். அவளுக்கு மெல்லிசான நேர் முடி. காய்ந்த பிறகும் எண்ணெய் வைத்ததுபோல் தலையோடு ஒட்டிக்கொள்கிறது. "இப்படியேவா காலேஜுக்குப் போவேன்?" என்று சண்டை. அவளுக்கென்று வீட்டிலேயே செய்ய ஏதாவது உண்டா?

கோபி அக்கா:
வெந்தயத்தின் மேல் தப்பில்லை கண்ணு, மகளின் முடிக்கு அது கனம். ஊறிய வெந்தயத்தின் கொழகொழப்பு முடிமேல் படலமாகப் படியும். சுருட்டை முடிக்கு அது வேண்டும், ஏனென்றால் மண்டையில் சுரக்கும் எண்ணெய் வளைவெல்லாம் தாண்டி நுனிவரை வந்து சேராது. நேர் முடியில் தானாகவே இறங்கிவிடும். அதற்கு மேல் நீயும் பூசினால் முடி படுக்கத்தான் செய்யும்.

அவளுக்குச் செம்பருத்தி இலை மட்டும் போதும். ஒரு கைப்பிடி இலையைத் தண்ணீரில் போட்டுக் கையாலேயே கசக்கு. மிக்ஸி வேண்டாம், துணுக்கு சிக்கினால் லேசில் போகாது. துணியில் வடிகட்டிக் காதுக்குக் கீழே மட்டும் தடவி, ஐந்து நிமிடத்தில் அலசிவிடு. அரப்பு போடுகிற நாளில் இதுவும் தேவையில்லை, அந்த இலையே முடியை வழவழப்பாக்கும்.

உனக்கு ஆளி விதை இன்னும் நன்றாக இருக்கும். இரண்டு ஸ்பூன் விதைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டுக் கொதிக்க வை. முட்டை வெள்ளைக்கரு பதம் வந்ததும் சூட்டோடு வடிகட்டு, ஆறினால் துணியை விட்டு இறங்காது. ஈர முடியில் தடவிச் சிக்கெடுத்து அலசு.

அப்புறம் அந்தப் போர் தண்ணீர். வாளியில் வெள்ளையாகப் படிகிற உப்புதான் முடியிலும் படிகிறது. இருவருக்குமே கடைசி இரண்டு சொம்பு மட்டும் குடிக்கிற தண்ணீராக இருக்கட்டும். என்னைக் கேட்டால், எந்த இலை, எந்த விதை என்பதைவிட இதுதான் முக்கியம்.

சாய் நகர்:
அம்மாவுக்கு டை அடித்து அடித்து நார்போல் ஆன முடி. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தேங்காய் எண்ணெய் வைக்கிறோம். அதில் உள்ள லாரிக் அமிலம் முடிக்குள்ளேயே இறங்கும், அலசும்போது புரதம் வெளியேறுவது குறையும். பலர் முட்டை சொல்வார்கள். போட்டால் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், வெந்நீர் ஊற்றினால் தலையிலேயே முட்டைப் பொரியல்தான்.

திருப்பூர்ப் பொண்ணு:
நன்றிங்க. அக்கா, ஆளி விதை ஜெல்லை மொத்தமாகச் செய்து வைத்துக்கொள்ளலாமா? வெந்தயம் அரைத்தால் எனக்குச் சளியும் பிடிக்கிறது.

கோபி அக்கா:
வெளியே வைக்காதே, கெட்டுவிடும். ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாள் தாங்கும். ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வைத்தால் குளிக்கிற அன்று இரண்டு கட்டி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சில்லென்று தலையில் வைக்காதே, வெந்நீர்ச் சொம்புக்குள் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொள். சளிக்காரர்கள் மதியத்துக்குள் குளித்துத் தலையை வெயிலில் காய வைத்துவிட வேண்டும். மகளை அடுத்த முறை சாறு மட்டும் போடச் சொல்லி, எப்படி இருந்தது என்று எழுது.